‘குடும்ப ஆதரவு’ என்றால் என்ன? திண்டுக்கல் கணக்கை வைத்து ஒரு விமர்சனம்

ஊர்விட்டு ஊர், நாடுவிட்டு நாடு போய் வாழும் பெண்களைக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வரவைப்பது எப்படி என்று எழுதப்பட்ட ஆய்வுக்கட்டுரைகளைச் சில மாதங்களாக வரிசையாகப் படித்து வருகிறேன். கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா என்று எந்த நாட்டுக் கட்டுரையாக இருந்தாலும் சரி, கடைசிப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு பரிந்துரை வந்துவிடுகிறது: குடும்பத்தினரின் ஆதரவைத் திரட்ட வேண்டும், கணவர்களை ஈடுபடுத்த வேண்டும். நம்ம ஊர் விழிப்புணர்வுக் கூட்டங்களிலும் இதே பேச்சுதான்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மென்பொருள் வேலையில் இருபது வருஷம் ஓட்டிய ஒருவனுக்கு இந்த வாக்கியம் உறுத்தும். ‘பயனாளருக்கு நல்ல அனுபவம் தர வேண்டும்’ என்று ஒரு தேவைப் பட்டியல் வந்தால் அதை வைத்து ஒரு வரி கோடு எழுத முடியாது. யாருக்கு, எந்தத் திரையில், எந்த பட்டனை அழுத்தும்போது என்று திருப்பிக் கேட்போம். ‘குடும்ப ஆதரவு’ம் அப்படித்தான். குடும்பத்தில் யார்? என்ன செய்ய வேண்டும்? எந்தக் கட்டத்தில்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அது பரிந்துரையே இல்லை, நல்லெண்ணம். அவ்வளவுதான்.

இந்தக் கேள்விக்குப் பதில் தேட வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. இங்கிருந்து மூணு மணி நேரப் பயணத்தில் இருக்கிற திண்டுக்கல் மாவட்டத்திலேயே அதற்கான கணக்கு இருக்கிறது. உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் கணக்கு. ஆனால் அதன் கடைசி வரியை மட்டும்தான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். நடு வரிகளைப் படிக்கலாம் வாங்க.

முதலில் நோய் பற்றிக் கொஞ்சம்

இந்தப் புற்றுநோய்க்கு எச்.பி.வி. என்ற வைரஸ் காரணம். அதைக் கண்டு சொன்ன ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் ட்சூர் ஹௌசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. உடலுறவு வாழ்க்கை உள்ள ஆண், பெண் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இந்த வைரஸ் வந்து போகும். பெரும்பாலும் ஓரிரு வருஷத்தில் உடம்பே அதை விரட்டிவிடும். சிலருக்கு மட்டும் போகாமல் தங்கி, கர்ப்பப்பை வாயில் உள்ள செல்களை மெதுவாக மாற்றுகிறது. அந்த மாற்றம் புற்றுநோயாக முற்றுவதற்குப் பொதுவாகப் பத்து முதல் இருபது வருஷம் ஆகும்.

இந்த நீண்ட இடைவெளிதான் நமக்குக் கிடைத்த வாய்ப்பு. முப்பது வயசுக்கு மேல் ஒரு முறையோ இரண்டு முறையோ பார்த்து, மாறிய இடத்தை அகற்றிவிட்டால் புற்றுநோய் வராமலே தடுக்கலாம். வந்த நோயைக் கண்டுபிடிப்பது வேறு, வராமல் தடுப்பது வேறு. இந்தச் சோதனை இரண்டாவது வகை. அப்படியிருந்தும் 2022-இல் இந்தியாவில் ஏறத்தாழ 1.27 லட்சம் பெண்களுக்கு இந்த நோய் வந்தது, 80 ஆயிரத்தை ஒட்டிய பெண்கள் இறந்தார்கள் என்பது உலகப் புற்றுநோய் மதிப்பீடு.

திண்டுக்கல்லில் நடந்தது

அம்பிளிக்கை கிறிஸ்தவ ஐக்கிய சமூக நல மையம், சென்னை அடையாறு புற்றுநோய் மையம், பிரான்ஸில் லியோன் நகரத்தில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை ஆகியவை சேர்ந்து 2000-இல் இந்த ஆய்வைத் தொடங்கின. தலைமை ஆய்வாளர் ஆர். சங்கரநாராயணன். முடிவு 2007-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது.

திண்டுக்கல் மாவட்டத்தில் 114 பகுதிகளை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் 57 பகுதிகளில் பரிசோதனை, மீதி 57-இல் வழக்கமான மருத்துவம் மட்டும். சோதனை ரொம்ப எளிது. பயிற்சி பெற்ற நர்ஸ், கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்ப்பார். வினிகரில் இருப்பது அதே அமிலம்தான். மாறிய இடம் இருந்தால் வெள்ளையாகத் தெரியும். லேப் வேண்டாம், ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம்.

ஏழு வருஷக் கணக்கில், பரிசோதனை நடந்த பகுதிகளில் புற்றுநோய் வருவது 25 சதவீதமும், அதனால் சாவது 35 சதவீதமும் குறைந்தது. இதுதான் எல்லோரும் மேற்கோள் காட்டும் கடைசி வரி. இப்போ நடு வரிகள்.

பரிசோதனைக்குத் தகுதியானவர்கள், 30 முதல் 59 வயசு வரை, 49,311 பெண்கள். வந்தவர்கள் 31,343. அதாவது 63.6 சதவீதம். கிட்டத்தட்ட 18 ஆயிரம் பேர் வரவேயில்லை.

வந்தவர்களில் வெள்ளைத் திட்டு தெரிந்தவர்கள் 3,088. அதில் கால்போஸ்கோப்பி, அதாவது பெரிதாக்கிக் காட்டும் கருவியால் செய்யும் அடுத்த சோதனை, செய்துகொண்டவர்கள் 3,052. கழித்துப் பாருங்கள், விட்டுப்போனவர்கள் 36 பேர்தான்.

புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் இருந்த பெண்கள் 1,874. சிகிச்சை பெற்றவர்கள் 72 சதவீதம். அதாவது ஐந்நூறு பேருக்கு மேல் தங்களுக்கு இன்னதென்று தெரியும் அளவுக்கு வந்து, அதற்கப்புறம் சிகிச்சை இல்லாமல் போனார்கள்.

நாங்கள் ஒரு ஆப்பை ஆராயும்போது, எந்தத் திரையில் ஆட்கள் கழன்றுகொள்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்போம். இங்கே மூன்று திரை. முதல் திரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போச்சு. இரண்டாவதில் நூற்றுக்கு ஒருவர். மூன்றாவதில் மறுபடி நூற்றுக்கு 28 பேர்.

நடுவில் மட்டும் ஏன் யாரும் கழன்றுகொள்ளவில்லை? காரணம் மர்மம் இல்லை. கால்போஸ்கோப்பி அதே இடத்தில், அதே வருகையில், அதே நர்ஸ் கையால் நடந்தது. அந்தப் பெண் எழுந்து வீட்டுக்குப் போய்த் திரும்பி வர வேண்டியிருக்கவில்லை. சிகிச்சையிலும் ஒரு பகுதி, உறைய வைத்து அகற்றும் கிரையோதெரபி, பொருத்தமானவர்களுக்கு அங்கேயே கொடுக்கப்பட்டது. திட்டு பெரிதாக இருந்தவர்களையும் புற்றுநோய் இருந்தவர்களையும்தான் மேல்சிகிச்சைக்கு வேறு இடத்துக்கு அனுப்பினார்கள்.

இதை மும்பையோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். டாடா நினைவு மருத்துவமனை 1998 முதல் மும்பையின் குடிசைப் பகுதிகளில் இதே அசிட்டிக் அமிலச் சோதனையை நடத்தியது. பல ஊர்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள் நிறைந்த இடங்கள் அவை. சோதனை குடியிருப்புக்கே போனதால் பங்கேற்பு 89 சதவீதம், திண்டுக்கல்லை விட அதிகம். ஆனால் அடுத்த கட்டச் சோதனைக்கு மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. போனவர்கள் 79.4 சதவீதம். திண்டுக்கல்லில் நூற்றுக்கு 99 பேர் தாண்டிய அதே கட்டத்தில் மும்பையில் ஐந்தில் ஒருவர் நின்றுவிட்டார்.

ஆக, பெண்கள் கழன்றுகொள்வது அறியாமையால் மட்டும் இல்லை. சோதனைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு பஸ் பயணம் வரும் இடத்தில்தான் அதிகம் நடக்கிறது. அந்த பஸ் பயணத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் ‘குடும்ப ஆதரவு’ பற்றிய உண்மையான கேள்வி.

இந்த ஆய்வின் மேலேயே ஒரு கேள்வி

மேலே போவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. திண்டுக்கல்லில் பரிசோதனை கொடுக்கப்படாத பகுதிகளில் 30,958 பெண்கள் கணக்கில் இருந்தார்கள். அவர்களில் 92 பேர் இந்த நோயால் இறந்தார்கள். பரிசோதனைப் பக்கத்தில் இறந்தவர்கள் 83 பேர். அந்தப் பக்கம் பெண்கள் அதிகம் என்பதால் இரண்டையும் நேரடியாக ஒப்பிடக் கூடாது. ‘வழக்கமான மருத்துவம்’ என்று கட்டுரை சொல்வது, அன்றைய கிராமத்து நிலவரத்தில் பரிசோதனை எதுவும் இல்லை என்பதற்கு மரியாதையான பெயர். பணக்கார நாடுகளில் பல பத்தாண்டுகளாக பாப் ஸ்மியர் சோதனை பலன் தந்துகொண்டிருந்தபோது இப்படி ஒரு பக்கத்தை வெறுமனே விட்டு வைத்தது சரியா என்று அமெரிக்க நோயியல் மருத்துவர் எரிக் சூபா, மும்பை, உஸ்மானாபாத், திண்டுக்கல் ஆகிய மூன்று ஆய்வுகளையும் கடுமையாகக் கேள்வி கேட்டார். மும்பை ஆய்வில் பெண்களுக்குக் கொடுத்த விளக்கம் போதாது என்று அமெரிக்க அரசின் மனித ஆய்வுப் பாதுகாப்பு அலுவலகமும் சொன்னது.

என் கட்சி சூபா பக்கம்தான். ஆனால் அந்தப் பெண்கள் கொடுத்த விலையில் வந்த எண்கள் இவை. அதனாலேயே கடைசி வரியை மட்டும் படித்துவிட்டுப் போவது இரட்டை அநியாயம் என்று நினைக்கிறேன்.

யார் வந்தார்கள்?

திண்டுக்கல் குழுவே 2003-இல் இன்னொரு கட்டுரை எழுதியது, எந்தப் பெண்கள் வந்தார்கள் என்று. இளம் வயசினர், பள்ளிக்கூடம் போனவர்கள், கணவரோடு வாழ்பவர்கள், குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் அதிகம் வந்தார்கள்.

இந்தப் பட்டியலைத் தலைகீழாகப் படியுங்கள். வயசானவர்கள், படிக்காதவர்கள், விதவைகள், பிரிந்து வாழ்பவர்கள், ஆஸ்பத்திரி வாசலை அதிகம் மிதிக்காதவர்கள் குறைவாக வந்தார்கள். இந்த நோய் வந்து சாகிறவர்களின் வயசு நாற்பதுகளுக்கு மேல்தான் கூடுதல். ஆபத்து அதிகம் உள்ள இடத்தில் வருகை குறைவு.

இப்போ ‘கணவர்களை ஈடுபடுத்துங்கள்’ என்ற பரிந்துரையைத் திரும்பப் பாருங்கள். கணவர் இருக்கிற பெண்தான் ஏற்கெனவே அதிகம் வந்தவள். கணவர் இல்லாதவளைக் கூப்பிட இந்தப் பரிந்துரையில் ஒரு வார்த்தை கூட இல்லை. குடும்பம் வழியாக மட்டும் பெண்ணை எட்டுவது என்று முடிவெடுத்தால், குடும்பம் இல்லாதவள் பட்டியலிலிருந்து முதலிலேயே விழுந்துவிடுவாள். வேலைக்காகத் தனியாக ஊர் மாறி வந்தவளும் அப்படியே.

அனுமதி வேறு, ஒத்தாசை வேறு

‘ஆதரவு’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு நேர் எதிரான விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று, அனுமதி. “வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன் சிஸ்டர்” என்று சொல்லிவிட்டு எழுந்து போவது. அந்த ஒரு வார்த்தை கேட்பதற்குள் கூலி நாள், விசேஷ நாள், தூர நாள் என்று வாரம் ஓடிவிடும். வலியோ ரத்தப்போக்கோ எதுவும் இல்லாத நிலையில், “ஒண்ணும் இல்லாததுக்கு எதுக்குப் போற?” என்று மாமியார் கேட்டால் அவளிடம் பதில் இருக்காது. ஒன்றும் இல்லாதபோது போவதுதான் இந்தச் சோதனையின் அர்த்தமே. அதை விளக்கும் பொறுப்பை அவள் தலையிலேயே கட்டிவிட்டு, அதற்கு விழிப்புணர்வு என்று பேர் வைக்கிறோம்.

இரண்டாவது, ஒத்தாசை. அந்த அரை நாளைக்கு யார் சோறாக்குவது, பால்குடிப் பிள்ளையை யார் வைத்துக்கொள்வது, விட்டுப்போன கூலியை யார் ஈடுகட்டுவது, வண்டியில் யார் கொண்டுபோய் விடுவது, ஆஸ்பத்திரிச் சீட்டை யார் பத்திரமாக எடுத்து வைப்பது, மறு தேதியை யார் நினைவு வைப்பது. இதில் ஒன்றுக்குக் கூட அவள் யாரிடமும் சம்மதம் வாங்க வேண்டியதில்லை.

“நம்ம ஊர் தெரியாமப் பேசாதீங்க, மாமியார்கிட்ட சொல்லாம எந்த மருமக ஆஸ்பத்திரி போவா?” என்று கேட்கலாம். நியாயம்தான். சொல்லட்டும். தகவல் சொல்வதும் அனுமதி கேட்பதும் ஒன்றில்லை. நம் வேலை அவள் சார்பில் அனுமதி வாங்கித் தருவது என்று ஆரம்பித்தால், அனுமதி கொடுக்கும் அதிகாரம் குடும்பத்துக்கு இருக்கிறது என்று நாமே முத்திரை குத்திக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். வந்து கேட்டவர்கள் நாளைக்கு வர மாட்டார்கள். முத்திரை மட்டும் அங்கேயே இருக்கும்.

கணவர் நிஜமாகவே தேவைப்படும் இடம்

விளம்பரத் தாள்களில் கணவர் சிரித்தபடி மனைவியின் தோளில் கை வைத்து நிற்கிறார். அவர் நிஜமாகவே தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. அது எந்தத் தாளிலும் என் கண்ணில் படவில்லை.

கிரையோதெரபியோ, இப்போது அதற்குப் பதிலாகப் பல இடங்களில் வந்துவிட்ட வெப்பச் சிகிச்சையோ செய்துகொண்ட பெண்ணுக்குச் சில வாரங்கள் நீராகக் கசியும். புண் ஆறுவதற்கு நாலு வாரம் போல உடலுறவு கூடாது, தவிர்க்க முடியாவிட்டால் ஆணுறை வேண்டும் என்பது வழக்கமான மருத்துவ அறிவுரை. இந்த அறிவுரையை நர்ஸ் யாரிடம் சொல்கிறார்? மேஜை மேல் படுத்து எழுந்த அந்தப் பெண்ணிடம். கடைப்பிடிக்க வேண்டியவர் யார்? வீட்டில் இருப்பவர். அவள் அதை இரவில், தனியாக, தன் வாயால், மறுக்கும் உரிமை அவ்வளவாக இல்லாத ஒரு இடத்தில் சொல்ல வேண்டும். முடியாது என்று தெரிந்தால் சிகிச்சையே வேண்டாம் என்று அவள் தள்ளிப்போடுவதில் ஆச்சரியம் என்ன?

‘கணவரின் ஆதரவு’ என்பதற்கு இங்கே தெளிவான அர்த்தம் கிடைக்கிறது. நாலு வாரம் விலகி இருப்பது. அது பெருந்தன்மை இல்லை, மருந்துச்சீட்டின் ஒரு பகுதி. அதை ஆண்களிடம் நேரடியாக, அச்சில், கூச்சமில்லாமல் சொல்ல வேண்டும். கூடவே இன்னொன்று: கசிவைப் பார்த்துத் தீட்டு என்று ஒதுக்கிவைப்பது, அல்லது அதற்கு மாறாக ‘ஆபரேஷன் இல்லையே’ என்று மறுநாளே தண்ணீர்க் குடம் தூக்க வைப்பது, இரண்டும் கூடாது என்று வீட்டுப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும்.

அடுத்தது சந்தேகம். பழைய அசிட்டிக் அமிலச் சோதனை திட்டு இருக்கா இல்லையா என்று மட்டும் சொன்னது. இப்போ உலகம் எச்.பி.வி. சோதனைக்கு மாறுகிறது. மாறுவது சரிதான். மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் ஆய்வில், 2009-இல் வந்த முடிவின்படி, ஒரே ஒரு முறை எச்.பி.வி. சோதனை செய்ததில் இந்த நோயால் வரும் சாவு பாதியாகக் குறைந்தது. அசிட்டிக் அமிலச் சோதனையால் அங்கே அப்படிக் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. ஆனால் எச்.பி.வி. சோதனை ஒரு வைரஸின் பேரைச் சொல்கிறது. உடலுறவில் பரவும் வைரஸ் என்று தெரிந்த நொடியில் வீட்டில் அடுத்த கேள்வி, “யார்கிட்டேர்ந்து வந்துச்சு?”

மருத்துவ ரீதியாக அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. பல வருஷம் சத்தமில்லாமல் தங்கியிருக்கக்கூடிய வைரஸ் அது. எப்போ வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தச் சோதனையும் சொல்லாது. இதை ரிசல்ட் வந்த பிறகு சொன்னால் சமாதானம் மாதிரி கேட்கும். சோதனைக்கு முன்னாலேயே, கணவர்களுக்கும் சேர்த்துச் சொன்னால்தான் தகவலாகப் போய்ச் சேரும். குடும்பத்தை ஈடுபடுத்தச் சரியான நேரம் எது என்று கேட்டால் என் பதில் இதுதான்: முதல் சோதனைக்கு முன்னால் பொதுவான பேச்சாக, சிகிச்சைக்குப் பின்னால் குறிப்பான உதவியாக. நடுவில், சோதனை அறைக்குள், குடும்பத்துக்கு வேலையில்லை.

ஊர் மாறி வந்தவள்

நடுவில் வேலையில்லை என்பது ஊர் மாறி வந்த பெண்ணுக்கு இரண்டு மடங்கு பொருந்தும்.

நான் இருக்கும் சேலம் செவ்வாய்ப்பேட்டை வியாபாரப் பேட்டை. லீ பஜார் மண்டிகள், வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள். தலைமுறைகளாக இங்கே கடை வைத்திருக்கும் வடநாட்டுக் குடும்பங்களும் உண்டு, போன வருஷம் ரயில் ஏறி வந்த தொழிலாளிக் குடும்பங்களும் உண்டு. நாமக்கல் பக்கம் போனால் கோழிப்பண்ணைகளிலேயே குடும்பத்தோடு தங்கி வேலை செய்யும் ஒடிசா, பீகார்க்காரர்கள். அந்தக் குடும்பங்களில் தமிழ் நன்றாகப் பேசத் தெரிந்தது பெரும்பாலும் இங்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைதான். கடைத்தெருவில் பேரம் பேசும் ஆம்பளைக்குக் கொஞ்சம் வரும். வீட்டோடு இருக்கும் பெண்ணுக்குத்தான் கடைசி.

ஆக ஆஸ்பத்திரியில் அவளுக்கு மொழிபெயர்ப்பவர் கணவராகவோ பத்து வயசுப் பிள்ளையாகவோ ஆகிவிடுகிறார். நர்ஸ் கேட்கும் கேள்விகளை யோசியுங்கள். மாதவிலக்கு சரியா வருதா? சேர்க்கைக்கு அப்புறம் ரத்தம் படுதா? எத்தனை தடவை கர்ப்பம் கலைஞ்சிருக்கு? இதை மகன் மொழிபெயர்த்து அம்மா பதில் சொல்வாரா? கணவர் மொழிபெயர்த்தால், அவருக்குத் தெரியாததை அவள் சொல்வாளா? குடும்பம் கூடவே வந்தது, கையைப் பிடித்துக்கொண்டு நின்றது, அதனாலேயே உண்மை வெளியே வராமல் போனது. கட்டுரைகளில் இதுவும் ‘ஆதரவு’ என்ற கட்டத்துக்குள்தான் டிக் ஆகும். பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை உறவினர்களை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்த வேண்டாம் என்று வழிகாட்டுகிறது. நம்ம ஊரில் இந்தியோ ஒடியாவோ தெரிந்த ஒரு பெண் ஊழியர் போனில் கிடைத்தாலே பாதி வேலை முடியும். குடும்பத்தை வெளியே பெஞ்சில் உட்கார வைப்பதும் ஒருவகை மரியாதைதான்.

‘புலம்பெயர்ந்த பெண்’ என்றதும் நமக்கு டொரண்டோ, லண்டன் ஞாபகம் வருகிறது. கனடாவின் ஒண்டாரியோ மாகாண ஆய்வுகள், தெற்காசியாவில் பிறந்த பெண்கள், அதிலும் வயசானவர்கள், மற்றவர்களைவிடக் குறைவாகவே சோதனை செய்துகொள்கிறார்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அங்கே போன தமிழச்சிகளும் அந்தக் கணக்கில் உண்டு. ஆனால் இந்தியாவுக்குள் ஊர் மாறிய பெண்களில் பெரும்பாலோர் சொல்லும் காரணம் கல்யாணம் என்று 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டுகிறது. ஆத்தூரில் பிறந்து ஓமலூரில் வாக்கப்பட்டவளும் தன் ஆஸ்பத்திரியை, தன் நர்ஸை, கூடவரும் அக்காவை விட்டுவிட்டு வந்தவள்தான். தூரம் கூடக்கூடப் பிரச்சினை கூடுகிறதே தவிர, வேறு பிரச்சினையாக மாறுவதில்லை. கூட யார் வருவார் என்பதே எல்லா இடத்திலும் கேள்வி. பிறந்த வீடு கூடவரும், புகுந்த வீடு கேள்வி கேட்கும் என்று நம் பெண்கள் சொல்வது ஆய்வுக்கட்டுரையில் ‘குடும்பம்’ என்ற ஒரே சொல்லுக்குள் காணாமல் போகிறது. அம்மா, அக்கா, நாத்தனார், மாமியார், கணவர், இவர்கள் ஒரே கட்சி இல்லை.

தானே மாதிரி எடுக்கும் முறை வந்தால் தீர்ந்துவிடுமா?

எச்.பி.வி. சோதனையில் ஒரு பெரிய வசதி, பெண் தானே ஒரு பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலை முதல் தகுதியுள்ள எல்லாப் பெண்களும் இதைத் தேர்ந்தெடுக்கலாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2024 ஜனவரியில் வந்தது. யாரிடமும் உடம்பைக் காட்ட வேண்டியதில்லை, துணைக்கு ஆள் வேண்டாம், அனுமதியும் வேண்டாம். கூச்சப்படும் பெண்ணுக்கும் மொழி தெரியாத பெண்ணுக்கும் இது பெரிய விடுதலை.

ஆனால் திண்டுக்கல் கணக்கை வைத்துப் பார்த்தால், இது முதல் திரையைத்தான் சரிசெய்கிறது. மூன்றாவது திரை அப்படியே இருக்கிறது. சொல்லப்போனால் பெரிதாகவும் ஆகலாம். முன்பு நர்ஸ் முன்னால் படுத்திருந்தவளுக்கு அங்கேயே அடுத்த சோதனையும் சிகிச்சையும் கிடைத்தது. இப்போ வீட்டில் குச்சியைக் கொடுத்துவிட்டு, வாரம் கழித்து ‘பாசிட்டிவ்’ என்று போன் வரும். அந்த போன் யாருடையது? பல வீடுகளில் கணவருடையது. மறுபடி அதே பஸ், அதே கூலி நாள், அதே “வீட்ல கேட்டுட்டு”.

தமிழ்நாடு இதில் மற்ற மாநிலங்களைவிட முன்னால்தான் இருக்கிறது. 2007-இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் அரசு முன்னோட்டமாகத் தொடங்கி, 2012 முதல் மாநிலம் முழுக்க ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரை இந்தச் சோதனையைக் கொண்டுபோனது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் ஊழியர்கள் வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். அப்படியும் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், 30 முதல் 49 வயசுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் வாழ்நாளில் ஒரு முறையாவது இந்தச் சோதனை செய்துகொண்டதாகச் சொன்னவர்கள் 9.8 சதவீதம். இந்திய சராசரி 1.9. நாம் முதலிடம், அதுவும் பத்தில் ஒருவரோடு. 2020-இல் உலக சுகாதார நிறுவனம் 2030-க்கு வைத்த இலக்கு 70 சதவீதம் பெண்களுக்குச் சோதனை, மாற்றம் கண்டவர்களில் 90 சதவீதம் பேருக்குச் சிகிச்சை. நர்ஸ்களும் பணமும் நல்ல மனசும் இருந்த திண்டுக்கல் ஆய்விலேயே இரண்டாவது எண் 72-இல் நின்றது என்பதை மறக்கக் கூடாது.

அதனால் இந்தக் கட்டுரைகளை எழுதுபவர்களிடமும், அவற்றை வைத்துத் திட்டம் போடுபவர்களிடமும் நான் கேட்பது சின்ன விஷயம். ‘குடும்ப ஆதரவு’ என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, யார், எந்த நாளில், என்ன செய்வார் என்று எழுதுங்கள். ‘பாசிட்டிவ் வந்த பெண்ணின் அக்காவுக்கும் சேர்த்து பஸ் செலவு.’ ‘சிகிச்சைக்குப் போகும் நாளுக்கு அரை நாள் கூலி.’ ‘கணவருக்குத் தனியாக ஒரு சீட்டு, நாலு வாரம் என்று தேதி போட்டு.’ ‘யாருமே இல்லாதவளுக்குக் கூடவர ஓர் ஊழியர்.’ இப்படி எழுதினால் எதற்குச் செலவாகும், எதற்கு ஆகாது என்று தெரியும். எதைச் செய்தோம், எதைச் செய்யவில்லை என்று பிறகு எண்ணியும் பார்க்கலாம்.

வீட்டில் அம்மாவோ அக்காவோ மனைவியோ முப்பது வயசு தாண்டியிருந்தால் அவர்களை ‘ஊக்கப்படுத்த’ வேண்டியதில்லை. வர்ற வாரம் எந்த நாள் நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று கேளுங்கள்.